திரையிற் பறந்த போர் விமானங்கள்

ஊவா மலைநாட்டுத் தோட்டங்களிலே சினிமாக் காட்சி நடைபெற்ற இரவுகள் ஒருகாலத்தில் சிறு திருவிழாக்களைப் போன்று விளங்கின. தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்திலேனும் பிள்ளைகள் விளையாடும் திடலிலேனும் இரு மூங்கிற் கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியொன்று இழுத்துக் கட்டப்படும். கம்பளி போர்த்த முதியோரும், மடியிற் குழந்தைகளோடு தாய்மாரும், முன்னிடம் பிடித்துக்கொண்ட சிறுவரும் பனியிலே கண்விழித்திருப்பர். அத்துணியிலே போர் விமானங்கள் அணியணியாகத் தோன்றிக் குண்டுமாரி பொழிந்து, அவற்றுளொன்று புகை கக்கிக்கொண்டு மலைக்கப்பால் வீழ்ந்து மறையுமாயின், மறுநாட் காலை பாடசாலை வாயிலிலும் கொழுந்து மலைக்குச் செல்லும் வழியிலும் ஒரே வினா எழும்: அவை மெய்யான விமானங்களா? மெய்யானவையாயின், படம் முடிந்தபின் அவை என்னாயின?

சிறுவர் கேட்கும் வினா இது. எனினும் சிறுபிள்ளைத்தனமான வினாவன்று. இரண்டாம் உலகப் போர் 1945ஆம் ஆண்டில் முடிவுற்றபின் அதனிற் பறந்த விமானங்களுக்கு நேர்ந்த கதியை அறிந்தாலன்றி இதற்கு விடை கூற இயலாது.

போர்க்காலத்திலே விமானங்கள் அடுப்பிலிருந்து இறக்கும் ரொட்டிகளைப் போலத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தன. இங்கிலாந்து ஸ்பிற்பயர் என்னும் சண்டை விமானங்களில் 20,000க்கு மேற்பட்டவற்றைச் செய்தது. லங்காஸ்ரர் என்னும் நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானங்களில் 7,377 செய்யப்பட்டன. போர் நின்றதும் இவற்றுட் பெரும்பாலானவை ஒரே நாளில் வேலையற்றுப் போயின. அவற்றைப் பேணுவதற்குப் பணமும் ஆளும் வேண்டும். உடைத்து விற்றாற் பணம் வரும். ஆதலின் அரசாங்கங்கள் அவற்றை வெட்டி உருக்கக் கொடுத்தன. உருக்கிய அலுமினியம் சட்டியாகவும் பானையாகவும் மாறியது. குண்டுவீச்சில் வீடிழந்த ஆங்கிலேயருக்கு அமைத்துக் கொடுக்கப்பட்ட 50,000க்கு மேற்பட்ட அலுமினியச் சிறு வீடுகளிலும் விமான உலோகம் போய்ச் சேர்ந்தது. வாளை அடித்துக் கலப்பையாக்கிய பழங்கதை இக்காலத்தில் இவ்விதம் நடந்தேறியது. அது நற்செயலே. ஆயினும் அதன் பயனாக, சில ஆண்டுகளுக்குள் அவ்விமானங்களைக் காண்பதே அரிதாயிற்று.

இந்நிலையிலேயே சினிமாக்காரர் வந்தனர். போர் விமானத்துக்கும் சினிமாவுக்கும் இடையிலான உறவு அதற்கு முன்னரே தொடங்கியதாகும். 1927ஆம் ஆண்டில் வெளிவந்த 'விங்ஸ்' என்னும் ஊமைப்படம் அமெரிக்க இராணுவத்தின் துணையோடு மெய்யான விமானங்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. 1930இல் வெளிவந்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' படத்துக்காகச் செல்வந்தராகிய ஹவார்ட் ஹியூஸ் முதலாம் உலகப் போரின் விமானங்களைத் தேடித் தேடி வாங்கினார். அப்படப்பிடிப்பில் விமானிகளுட்படச் சிலர் உயிரிழந்தனர். 1946ஆம் ஆண்டில், ஹொலிவூட்டின் புகழ்பெற்ற விமானியாகிய போல் மான்ற்ஸ் அமெரிக்க அரசாங்கம் கழித்துவிட்ட 475 விமானங்களை 55,000 டொலருக்கு ஒட்டுமொத்தமாக வாங்கினார். ஒரு விமானத்தின் விலை ஏறக்குறைய 116 டொலர். அவற்றின் தாங்கிகளில் எஞ்சியிருந்த பெற்றோலை விற்றே பெரும்பொருள் ஈட்டினார் என்பர். சிலவற்றை மட்டும் படங்களுக்கென நிறுத்திக்கொண்டு மற்றையவற்றை உடைத்து விற்றார். பழைய விமானம் அக்காலத்திற் பெற்ற மதிப்பு இவ்வளவே.

இலங்கையும் இக்கதையில் இடம்பெற்றுள்ளது. எச். ஈ. பேற்ஸ் எழுதிய நாவலைத் தழுவி, றொபேட் பரிஷ் நெறிப்படுத்த, கிரெகரி பெக் நடித்த 'த பேர்ப்பிள் பிளெயின்' என்னும் படம் 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதை நிகழுமிடம் பர்மா. படம் பிடிக்கப்பட்ட இடம் இலங்கை. மனைவியைப் போரில் இழந்து, வாழ்விற் பற்றற்றுப்போன விமானி ஒருவன் தன் விமானம் வீழ்ந்தபின் காயமுற்ற தோழனுடன் வறண்ட நிலத்தைக் கடந்து செல்வதே அதன் கதை. அவன் செலுத்தும் விமானத்தின் பெயர் மொஸ்கீற்றோ, அதாவது நுளம்பு. அவ்விமானம் அப்போது பழம்பொருளாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிரித்தானிய வான்படையின் மொஸ்கீற்றோக்கள் சிங்கப்பூரிலிருந்து 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரையிலும் பணிபுரிந்தன. ஓய்வுபெறும் தறுவாயிலிருந்த கிழவன் ஒருவன் தன் இளமைக் கோலத்தைத் தானே நடித்துக் காட்டியது போன்றது அது.

மூன்றாண்டுகளின் பின் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் படத்துக்காகக் கித்துல்கலையிலே களனி கங்கைக்குக் குறுக்காகக் கட்டப்பட்ட பெரிய மரப்பாலம் புகையிரதத்தோடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைப் பலர் அறிவர். அப்பாலம் தகர்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. அதன் அழிவினால் வரலாறு இழந்தது ஒன்றுமில்லை. விமானங்களின் கதை வேறு. அவை மனிதர் மெய்யாகவே ஏறிப் பறந்து, பலர் மீண்டு வாராத பயணங்களின் எச்சங்கள். ஒன்று அழிந்தால் அதற்கீடாக இன்னொன்று செய்வாரில்லை.

மொஸ்கீற்றோவின் உடலமைப்பு தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு எளிதில் விளங்கக் கூடியது. மற்றைய விமானங்கள் உலோகத்தாற் செய்யப்பட்டிருக்க, இது பெரும்பாலும் மரத்தினாலாயது. மெல்லிய பேர்ச் மரத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிய ஒட்டுப்பலகை இரண்டு; அவற்றிடையே பல்சா என்னும் மிக இலேசான மரம். இம்மூன்றும் சேர்ந்ததே அதன் தோல். உடற்பகுதி, பிளந்த வேர்க்கடலையின் ஓடுகளைப்போல இரு பாதிகளாகச் செய்யப்பட்டுப் பின்னர் ஒட்டப்பட்டது. தளபாடம் செய்யும் தச்சரும் பியானோ செய்வோரும் இவ்வேலையில் ஈடுபட்டனர். 1940 நவம்பரில் முதன்முறை பறந்த இவ்விமானத்தில் மொத்தம் 7,781 செய்யப்பட்டன.

கடதாசிச் சாக்குகள் வழக்கத்துக்கு வருமுன், பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்ற தேயிலை யாவும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே சென்றது. உள்ளே பளபளக்கும் தாள், விளிம்பிலே தகரப் பட்டி, வெளியே தோட்டத்தின் பெயர் பொறித்த கறுப்பெழுத்து. அப்பெட்டிகளுக்கெனக் காலிக்கு அண்மையிற் கிந்தோட்டையிலே அரசாங்கத் தொழிற்சாலையும் இயங்கியது. அத்தகைய பெட்டியொன்றை வடகீழ்ப் பருவமழையிலே ஒழுகும் கூரையின்கீழ் ஒரு மாதம் வைத்திருந்தோர் யாவரும் விளைவை அறிவர். பலகையின் மடிப்புகள் இதழிதழாகக் கழன்றுவிடும். மரம் உளுத்துப் போனதன்று. மடிப்புகளைப் பிணித்திருந்த பசை கைவிட்டது.

மொஸ்கீற்றோவுக்கும் நேர்ந்தது இதுவே. தொடக்கத்தில் அதனை ஒட்டப் பயன்பட்டது, பாலின் திரளிலிருந்து எடுக்கப்படும் கேசீன் என்னும் பசை. அது குளிர்நாட்டில் நன்கு பிடித்தது. 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலும் பர்மாப் போர்முனையிலும் சில மொஸ்கீற்றோக்களின் இறக்கைகள் பறக்கும்போதே முறிந்தமையால் அவ்விமானங்கள் யாவும் தரையில் நிறுத்திச் சோதிக்கப்பட்டன. ஒட்டுவேலை சரிவரச் செய்யப்படாமையே முதற் குற்றம். கீழைத்தேசத்தின் வெப்பமும் ஈரமும் அக்குற்றத்தை மிகுவித்தன. பின்னர் ஈரத்துக்கு ஈடுகொடுக்கும் இரசாயனப் பசை வழங்கலாயிற்று. போரிலேயே இத்துணை இடருற்ற மரவிமானம், பேணுவாரின்றி வெளியில் நிறுத்தப்பட்டால் எத்தனை நாள் தாங்கும்? உலோக விமானம் துருப்பிடித்தும் பல்லாண்டு கிடக்கும். மொஸ்கீற்றோவோ சில மாரிகளில் உதிர்ந்துவிடும். இன்று உலகிற் பறக்கக்கூடிய மொஸ்கீற்றோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சிலவற்றையும் அழித்ததிற் சினிமாவுக்குப் பங்குண்டு. 1963ஆம் ஆண்டில், வான்படையின் துணைப்பிரிவொன்று தன் கடைசி மொஸ்கீற்றோக்களைக் கழித்தபோது, மறு ஆண்டில் வெளிவந்த '633 ஸ்குவாட்ரன்' என்னும் படத்தைத் தயாரித்தோர் அவற்றுட் பலவற்றைப் பெற்றனர். விபத்துக் காட்சிகளுக்காக மெய்யான மொஸ்கீற்றோக்களையே நொறுக்கினர். திரையிலே சில விநாடிகள் தோன்றிய தீக்கு அவை விறகாயின. 1955இல் வெளிவந்த 'டாம் பஸ்ரர்ஸ்' படத்துக்குச் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்ட நான்கு லங்காஸ்ரர்கள் பறந்தன. படம் முடிந்தபின் நான்கும் உடைக்கப்பட்டன. 1962இல் வெளிவந்த 'வோர் லவர்' படத்துக்காக மூன்று பெரிய குண்டுவீச்சு விமானங்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டன; அவற்றுள் இரண்டு திரும்பவில்லை. வேலை முடிந்ததும் அங்கேயே வெட்டி விற்கப்பட்டன. அவை அருமையானவை என்று அன்று கருதியோர் சிலரே. கழித்த பொருளுக்கு ஒருநாட் கூலி கிடைத்ததென்றே கணக்கிட்டனர்.

ஆயினும் அதே சினிமா காத்த கதையும் உண்டு. 633 ஸ்குவாட்ரன் படத்திற் பறந்த மொஸ்கீற்றோக்களுள் இரண்டு, பின்னர் வேறொரு படத்திலும் பறந்து, இறுதியில் அமெரிக்காவை அடைந்தன. அவற்றுளொன்று ஒஹாயோ மாநிலத்தின் வான்படை அரும்பொருட்காட்சியகத்திலும், மற்றது விஸ்கொன்சின் மாநிலத்தின் காட்சியகமொன்றிலும் இடம்பெற்றன. படத்துக்கென எவரும் கேட்டிராவிடின் அவ்விரண்டும் 1963ஆம் ஆண்டிலேயே விறகாகியிருக்கக்கூடும்.

இவ்வகையில் மிகப் பெரிய நிகழ்ச்சி 1968ஆம் ஆண்டில் நடைபெற்றது. 1940ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வானிலே நிகழ்ந்த போரைப் படமாக்க முனைந்தபோது, தயாரிப்பாளர் ஹரி சால்ட்ஸ்மன், முன்னாட் போர் விமானியாகிய ஹேமிஷ் மஹாடியை விமானங்கள் தேடும் பணியில் அமர்த்தினார். படைமுகாம் வாயில்களிலே காட்சிக்கு நட்டுவைக்கப்பட்டவை, பயிற்சிப் பாடசாலைகளிற் கிடந்தவை, தனியார் கொட்டில்களில் முடங்கியவை என ஒவ்வொன்றாக அவர் தேடியெடுத்தார். 27 ஸ்பிற்பயர்கள் கிடைத்தன. அவற்றுட் 12 மீண்டும் பறந்தன. ஹரிக்கேன் என்னும் விமானங்களிற் பறக்கக் கூடியவையாக மூன்றே கிடைத்தன. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைத் தாக்கவந்த யப்பானிய விமானங்களை எதிர்த்துப் பறந்தவை இந்த ஹரிக்கேன் இனத்தவையே என்பது இலங்கையர் நினைவிற் கொள்ளத்தக்கது.

எதிரி விமானங்களுக்கு எங்கே போவது? ஜேர்மனியின் மெசர்ஸ்மித் விமானங்கள் அநேகமாக முற்றாக அழிந்திருந்தன. ஆனால் ஸ்பானிய நாடு அவற்றைத் தன் தொழிற்சாலையிற் செய்து, 1965ஆம் ஆண்டு வரையிற் பயன்படுத்தியிருந்தது. ஜேர்மன் இயந்திரங்கள் கிடையாமற் போனமையால், ஸ்பானியர் அவற்றுக்கு றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் என்னும் ஆங்கில இயந்திரத்தைப் பொருத்தினர். அதனால் அவற்றின் முகவாய் பருத்தது. மார்பு புடைத்த புறா இனமொன்றின் பெயரால் 'புச்சோன்' என்று அழைக்கப்பட்டன. ஸ்பிற்பயரை இயக்கியதும் மேர்லின் இயந்திரமே. ஆகவே திரையிலே இரு பகைநாடுகள் பொருதபோது, இரு பக்கத்தும் உறுமியது ஒரே தொழிற்சாலையின் இயந்திரம். நடித்த விமானிகளுட் சிலருக்கு ஊதியத்தில் ஒரு பகுதியாக விமானங்களே கொடுக்கப்பட்டன. ரெக்சஸைச் சேர்ந்த விமானி ஒருவர் அவ்வாறு பெற்ற புச்சோன்களை நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தம் கொட்டிலிற் காத்துவைத்திருந்தார். அப்படத்தில் நடித்த வேறொரு புச்சோன், 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'டன்கேர்க்' படத்திலும் பகைவன் வேடம் பூண்டு பறந்தது.

இவற்றுள் ஒரு ஸ்பிற்பயரின் வரலாற்றைத் தனியே கூறவேண்டும். பி 7350 என்பது அதன் இலக்கம். 1940ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு, அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் மெய்யான போரிற் பங்குபற்றியது. அம்மாதம் 25ஆம் திகதி, போலந்து நாட்டு இளைஞன் ஒருவன் அதனைச் செலுத்திச் சென்றபோது மெசர்ஸ்மித்தின் குண்டுகள் பாய்ந்தன. காயமுற்ற விமானி அதனை ஒருவாறு தரையிறக்கினான். பழுது தீர்க்கப்பட்டு மீண்டும் பணிபுரிந்த அவ்விமானம், 1948ஆம் ஆண்டிலே பழைய உலோக வியாபாரிகளுக்கு 25 பவுணுக்கு விற்கப்பட்டது. அதன் சரித்திரத்தை அறிந்த அவ்வியாபாரிகள் உருக்க மனமின்றி அதனை வான்படைக்கே திருப்பிக் கொடுத்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது அசையாப் பொருளாய் நின்றது. சினிமாக்காரர் வந்து இயந்திரத்தைப் பழுதுபார்த்ததன் பின்னரே அது மீண்டும் வானேறிற்று. படம் முடிந்ததும் பிரித்தானிய வான்படையின் நினைவுப் பறப்புப் பிரிவில் அது சேர்க்கப்பட்டது. 1940இல் குண்டு துளைத்த இடங்களில் ஒட்டிய தகட்டு ஒட்டுகள் அதன் இடது இறக்கையிலே மாறாது நிலைத்துள்ளன. மற்றை விமானங்கள் வேடம் புனைந்து நடித்தன. இதுவோ தன் கதையைத் தானே நடித்தது.

இவ்வாறு ஒரு படத்தாற் பிழைத்தவை வேறும் உண்டு. 1970இல் வெளிவந்த 'கட்ச் 22' படத்துக்காக மெக்சிக்கோவில் 18 குண்டுவீச்சு விமானங்கள் திரட்டிப் பறக்கவிடப்பட்டன. பின்னர் மலிவு விலைக்கு விற்கப்பட்ட அவற்றுட் பெரும்பாலானவை அழியாது நின்றன. அதே ஆண்டு வெளிவந்த 'தோரா தோரா தோரா' படத்துக்கு யப்பானிய விமானங்கள் கிடையாமையால், அமெரிக்கப் பயிற்சி விமானங்களை வெட்டி ஒட்டி யப்பானிய உருக்கொடுத்தனர். அப்போலிகளும் பின்னர் பல்லாண்டு காலம் வான்காட்சிகளிற் பறந்தன.

பழைய விமானத்தைப் பறக்கவிடுவது நன்றோ, நிறுத்திவைத்துக் காட்டுவது நன்றோ என்பது இன்றும் தீராத வழக்கு. பறந்தாலன்றி அதன் ஒலியையும் உயிரையும் இளந்தலைமுறை உணராது என்பர் ஒரு சாரார். மற்றைச் சாராருக்கும் சான்றுகள் உண்டு. 475 விமானங்கள் வாங்கிய போல் மான்ற்ஸ் 1965ஆம் ஆண்டிலே படப்பிடிப்பின்போதே விமானம் வீழ்ந்து மாண்டார். 1989ஆம் ஆண்டில் 'மெம்பிஸ் பெல்' படப்பிடிப்பிலே பெரிய குண்டுவீச்சு விமானமொன்று ஓடுபாதையருகே வீழ்ந்து எரிந்தது. ஏறியிருந்தோர் உயிர் தப்பினர். 1996ஆம் ஆண்டில், உலகிற் பறந்துகொண்டிருந்த கடைசி மொஸ்கீற்றோ வான்காட்சியொன்றில் வீழ்ந்தபோது இருவர் உயிரிழந்தனர். அதன்பின் 2012ஆம் ஆண்டில் நியூசிலாந்துத் தச்சர், புதிய மரமும் புதிய பசையும் கொண்டு ஒன்றைப் புதுக்கிப் பறக்கவிடும்வரை, பதினாறு ஆண்டுகள் உலகம் அவ்விமானம் பறக்கக் காணவில்லை.

இக்காலத்திலே கணினி ஒன்றிருந்தால் ஆயிரம் விமானங்களைத் திரையிற் பறக்கவிடலாம். எவரும் மாள்வதில்லை, எதுவும் எரிவதில்லை. அது நன்மையே. ஆனால் பழைய விமானத்தைத் தேடிச்சென்று பழுதுபார்த்தற்குச் சினிமா கொடுத்த பணமும் குறைந்துவிட்டது. இனி அவற்றைக் காப்பது அரும்பொருட்காட்சியகங்களினதும் ஆர்வலரினதும் கடமையாகிறது. இலங்கையில் இரத்மலானையிலே விமானப்படையின் அரும்பொருட்காட்சியகம் அமைந்துள்ளது. 1951ஆம் ஆண்டிலே தோன்றிய இலங்கை விமானப்படை தன் தொடக்க காலத்திற் பயன்படுத்திய விமானங்களை அங்கே காணலாம். கொழும்புக்குச் சுற்றுலா வரும் ஊவாப் பாடசாலை மாணவர், மிருகக்காட்சிச் சாலையோடு இதனையும் காண்பாராயின் பெரும் பயனடைவர்.

பி 7350 இலக்க விமானம் ஊவா மக்களுக்குச் சொல்லும் செய்தியும் ஒன்றுண்டு. பயன் தீர்ந்த நாளில் ஒரு பொருளுக்கு இடப்படும் விலை அதன் மெய்யான விலையன்று. இதனை மலையகத் தமிழரைவிடத் துன்பத்தோடு கற்றோர் சிலரே. அவர்தம் முன்னோர் இலங்கைக்கு வந்தபோது தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டு ஒன்றைக் கழுத்திற் கட்டிவந்தனர். வந்து சேர்ந்தபின் அது குப்பையெனத் தோன்றியது, பலர் எறிந்துவிட்டனர். பழைய கடதாசிகளும் அவ்வாறே அடுப்பிற் போயின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, பல்லாயிரம் குடும்பங்களிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. அச்சட்டத்தின் கொடுமை வேறு. ஆயினும் காத்துவைத்த ஒரு தாள் ஒரு குடும்பத்தின் விதியையே மாற்றியிருக்கக்கூடும்.

இப்போதும் தோட்டங்களிலே பழைய கொழுந்தரைக்கும் உருளைகளும், தொழிற்சாலையை ஓட்டிய பழைய இயந்திரங்களும், பெயர்ப்பதிவேடுகளும் நிறையின்படி விற்கப்படுகின்றன. அவற்றைக் காக்க சினிமாக்காரர் எவரும் வரப்போவதில்லை. லயத்திலே பெட்டியடியிற் கிடக்கும் தாத்தாவின் சம்பளச் சீட்டையும், பாடசாலை அலுமாரியில் உறங்கும் பழைய வரவுப் பதிவேட்டையும் எடுத்துத் துடைத்து, பெயரும் ஆண்டும் எழுதிவைப்பதற்கு அதிக செலவாகாது. பழைய இரும்பு வியாபாரி வாசலில் வந்து நிற்கும்போது ஒருகணம் தயங்கும் மனம் ஒன்றே வேண்டும். இருபத்தைந்து பவுணுக்கு விலைபோன விமானம் மீண்டும் பறந்தது அத்தகைய ஒருகணத் தயக்கத்தினாலேயாம்.